பஞ்சியோ, ஏலாதோ: அமுக்கிரா தேடி நெடுந்தீவுக்கு

என் மனைவி சுமதி எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு ஆஸ்பத்திரிக் குளிசை (மாத்திரை) எடுக்கிறாள். அமுக்கிராக் கிழங்கிலுள்ள சில சேர்மங்கள் மன அழுத்தத்தைத் தணிக்கக்கூடும் என்று வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிசையை விட்டுவிட்டு இதற்கு மாறினால் என்ன? நெடுந்தீவில் ஒரு சித்த மருத்துவர் தன் வளவிலேயே அதை வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.30க்கு பஸ். குறிகட்டுவானுக்கு ஒன்றேகால் மணிநேரம், அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணிநேரம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள், இரண்டு பக்கமும் கடல். சுமதி அதைப் பார்க்கவேயில்லை. தீவைச் சுற்ற ஓட்டோவுக்கு மூவாயிரம் ரூபா.

"குதிரையளையும் பாத்திட்டுப் போவமே அக்கா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். நெடுந்தீவின் காட்டுக்குதிரைகள் பேர்போனவை. சுமதி வேண்டாமென்று தலையாட்டினாள்.

"அவவுக்கு எல்லாத்துக்கும் பஞ்சி அண்ணை," என்று நான் பகிடி விட்டேன். வெளியூர் வாசகர்களுக்கு: பஞ்சி என்றால் சோம்பல்.

மருத்துவர் நாற்பது வயதுப் பெண். அவரிடமும் நானே முந்திக்கொண்டு ஒப்பித்தேன். "எழும்பப் பஞ்சி, சீப்பெடுத்துத் தலை இழுக்கப் பஞ்சி, தங்கச்சி வீட்டை போகவும் பஞ்சி."

அவர் என்னை விட்டுச் சுமதியின் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். பஞ்சியோ, ஏலாதோ?"

சுமதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "ஏலாது," என்றாள். "எழும்ப விருப்பம்தான். ஏலாமக் கிடக்கு."

முடியாமல்தான் கிடக்கிறாளா என்று எட்டு மாதத்தில் நான் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

"அப்ப கிழங்கு?" என்று இழுத்தேன்.

"கிழங்கிலை குணம் இருக்கு, ஓம். ஆனா ஆராய்ச்சி இன்னும் காணாது, போதிய அளவு நடக்கேல்லை. இவ எடுக்கிற குளிசையோட சேந்தா நித்திரை மயக்கம் கூடலாம். குளிசையை நிப்பாட்டாதேங்கோ. முதல்லை ஆஸ்பத்திரி டொக்டரிட்டைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

கிழங்கு இல்லாமலே பிற்பகல் 2.30 படகில் திரும்பினோம்.

போகிறவர்களுக்கு: தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள், திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள். மருந்து தேடிப் போகிறீர்கள் என்றால், ஏற்கெனவே எடுக்கும் குளிசைகளை டொக்டர் எழுதித் தந்த துண்டுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மூலிகையும் மருந்துதான். நோயாளியைப் பேச விடுங்கள், நான் விடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கும் சுமதி படுத்தே கிடந்தாள். பழைய சொல் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "இண்டைக்கு என்ன செய்ய ஏலும்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "முகம் கழுவ ஏலும்."

கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வந்தேன்.