டயப்பரில் ஒரு கறுப்புப் புள்ளி

சளி இல்லை, இருமல் இல்லை. ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல் மட்டும் கொதித்தது. மூத்திரம் போகும்போதெல்லாம் வீறிட்டாள். பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கின் இளம் டாக்டர் என் நரையைப் பார்த்து, "தாத்தாவா, அங்கிள்?" என்றார். அப்பா என்றேன். சோதித்துவிட்டு, "யூரின் இன்ஃபெக்‌ஷன். மருந்தை நடுவுல நிறுத்திடாதீங்க" என்றார்.

"எப்படி வந்துச்சு டாக்டர்?"

"அழுக்கு டயப்பர் ரொம்ப நேரம் இருந்தா வரலாம். சில பிள்ளைங்களுக்குச் சும்மாவே வரும்."

இரண்டாவது வாக்கியம் என் காதில் ஏறவில்லை. பகலில் டயப்பர் மாற்றுவது யார்? கீழ்மாடியில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்கா. அன்றிலிருந்து அவர் சிரிப்பே சரியாகப் படவில்லை. சாயங்காலம் மகள் மேல் வீசும் அவ்வளவு பவுடர் வாசம் எதை மறைக்க?

"நேரா கேட்டுருங்களேன்" என்றாள் மனைவி.

"கேட்டா உஷாராயிடுவாங்க."

காய்ச்சல் இறங்கியதும் மகளை மறுபடி அக்காவிடம் விட்டோம். மூத்திரம் போகும்போது இன்னும் சிணுங்கிக்கொண்டுதான் இருந்தாள். கொண்டுபோய் விடும் முன் டயப்பரின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். சாயங்காலம் லிஃப்ட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பார்த்தால், புள்ளி அப்படியே இருந்தது! மறுநாளும் அதே கதை. டயப்பர் என்னவோ காய்ந்துதான் இருந்தது. அதுவும் ஒரு தந்திரம் என்று முடிவுகட்டினேன்.

அதற்கும் மறுநாள் பொறுக்க முடியவில்லை. மகளைத் திருப்பிக் காட்டினேன். "அக்கா, இந்தப் புள்ளி காலையில நான் வச்சது."

"தெரியுமே தம்பி. திருஷ்டிக்குத்தானே? கன்னத்துல வச்சா அழிச்சிக்கிறாள்னு அங்க வச்சீங்கபோல. அதான் ஒவ்வொரு தடவை மாத்துறப்பவும் நானும் ஒன்னு வச்சிடறேன். டயப்பர் தீரப்போகுது, நாளைக்குக் கூடக் கொண்டு வாங்க லா."

புள்ளியைத் தொட்டேன். விரலில் கண்மை அப்பியது.

"பாவம், பிள்ளைக்கு மூத்திரத்துல இப்படி வந்துருச்சே" என்ற அக்கா, என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமா, ராத்திரியில உங்க வீட்டுல யாரு மாத்துறது?"

அவசரமாக லிஃப்ட் பொத்தானை அமுக்கினேன்.

அந்த வாரக் கடைசியில் காற்றாடட்டும் என்று டயப்பரைக் கழற்றி மகளை மடியில் வைத்திருந்தேன். திடீரென்று வேட்டி சூடாக நனைந்தது. முகத்தை உற்றுப் பார்த்தேன். சிணுங்கல்கூட இல்லை. என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

"அழலடி! அழவே இல்ல!" என்று கத்தினேன்.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "வேட்டிய மாத்துங்க" என்றாள். "மாத்துனீங்களான்னு புள்ளி வச்சுப் பார்ப்பேன்."