வவுச்சர்கள் பலாமரம் ஏறிய காலை

வரி அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சொன்னால் வியாபாரம் செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஓர் அதிகாரி வருவார், விடுதியின் கணக்குப் பதிவுகளைத் தயாராக எடுத்து வையுங்கள் என்று ஒரு பெண்குரல் சிங்களத்தில் சொன்னது. ரொம்ப சந்தோஷம் மிஸ், கட்டாயம் வரச் சொல்லுங்கள் என்று நானும் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். மறுமுனையில் அந்தக் குரல் விடுதியின் பெயரை இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்த்தது.

எங்கள் கெஸ்ட் ஹவுஸ் மாத்தளை டவுனிலிருந்து இரத்தோட்டை போகும் பாதையில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே இருக்கிறது. கீழே அறைகள், மாடியில் சாப்பாட்டு மண்டபம், பின்பக்கம் ஒரு பெரிய பலாமரம். டவுனில் இருக்கும் பலசரக்குக் கடையை என் கணவர் பார்த்துக்கொள்கிறார். விடுதியை நடத்துவது நானும் அவருடைய அக்காவும்; அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்குச் சமையலறை, எனக்குக் காகிதம். அவருடைய அடுப்பில் நான் கை வைப்பதில்லை, என் அலுமாரியை அவர் திறப்பதில்லை. அப்படித்தான் இத்தனை வருடமும் சண்டை இல்லாமல் ஓடியது.

விடுதி தொடங்கிய புதிதில் கணக்காளர் ஒருவர் என்னிடம், "எந்த நாள்ல யாரு வந்து கேட்டாலும் கையோட எடுத்துக் குடுக்கிற மாதிரி வச்சிருங்க" என்று சொன்னார். எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொல்லியிருப்பார். நான் அதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டேன். அறை வாடகை பில்களின் நகல்கள் எண் வரிசையில் இருக்கும். சாப்பாட்டு பில்கள் தனியாக. இணையத்தில் வரும் முன்பதிவுகளை அச்செடுத்து, வந்து தங்கியவர்களின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து வைப்பேன். கடைகளில் மெஷினில் அடித்துத் தருகிற பில், சில மாதத்தில் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். அதனால் வாங்கிய அன்றே ஃபோட்டோ கொப்பி.

மீன்காரரும் காய்கறிக்காரர்களும் பில் தருவதில்லை. அவர்களிடம் வாங்குவதற்கு நானே எண் போட்ட வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். மீன்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கையெழுத்துப் போடப் பழகிவிட்டார். லக்கல பக்கத்திலிருந்து பூசணிக்காய் கொண்டு வருகிற பெரியவர் கையெழுத்தோடு விடமாட்டார். 'குறிப்பு' என்று நான் அச்சடித்து வைத்திருந்த கோட்டில், காய் ஏன் குறைந்தது, பஸ் ஏன் வரவில்லை என்று உருண்டை உருண்டையான சிங்கள எழுத்தில் விவரமாக எழுதுவார். நானும் தடுத்ததில்லை.

எல்லாவற்றையும் வருட வாரியாகப் பெட்டிகளில் அடுக்கி, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தேன். ஒருவரும் வந்து பார்க்கவில்லை. வருடக்கணக்காக நடனம் கற்றுக்கொண்டு மேடை கிடைக்காதவளைப் போல இருந்தேன். ஆகவே அந்த அழைப்பு வந்ததும் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. சமையலறைக்கு ஓடினேன்.

அண்ணிக்கு ஃபைல் பிடித்த ஆட்களைக் கண்டாலே பயம். செய்தியைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னா புள்ள சிரிக்கிற? கணக்குப் பாக்க வாராங்கன்னு சொல்லுற, கல்யாணத்துக்கு வாராங்கங்கிற மாதிரி சிரிக்கிற."

"நம்மகிட்ட எல்லாம் சரியா இருக்குங்க அண்ணி. பயப்பட ஒண்ணும் இல்ல."

"சரியா இருக்கிறவங்களத்தான் அவங்க ரொம்ப நேரம் நோண்டுவாங்க."

அன்று சாயந்திரமே அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். என் கணவரோ கடையிலிருந்து போன் எடுத்துப் புத்தி சொன்னார். "கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீயா அடுத்த ஃபைலக் கொண்டுபோயி நீட்டாத." அவருக்கு என்னைத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை மாடி மண்டபத்தில் நீள மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, வெள்ளை விரிப்பு விரித்து, ஃபைல்களை வரிசையாகப் பரப்பினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் புது லேபல். பார்க்கப் பார்க்க எனக்குக் கல்யாணச் சீர் வரிசை மாதிரியே தெரிந்தது. வவுச்சர்களை மட்டும் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு நடுவில் வைத்தேன். கொப்பி எடுக்காமல் விட்டவை அவை மட்டும்தான். ஒரு பக்கம் அதிகாரிக்கென்று அண்ணி செய்த முறுக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும்.

அப்போது அண்ணி சாம்பிராணிச் சட்டியோடு மாடியேறி வந்தார். கண் படக் கூடாதாம். ஃபைல் ஃபைலாகப் புகை காட்டினார். மண்டபம் முழுக்கப் புகை மூடி, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. இருமிக்கொண்டே இரண்டு பேரும் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, புகை போகட்டும் என்று கீழே இறங்கித் தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

மேலே மேசையருகில் இருந்த கதிரை ஒன்று விழுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஏறிப் போனபோது குரங்குகள் வாழைப்பழத்தைப் பங்கு போட்டு முடித்திருந்தன. எங்களைக் கண்டதும் எல்லாம் ஜன்னல் வழியாகப் பாய்ந்தன. கடைசியாகப் போன பெரிய குரங்கு ஒரு கணம் நின்று, மேசையைப் பார்த்து, பிளாஸ்டிக் உறையை எடுத்து இடுக்கிக்கொண்டு போனது. அதைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் வருகிற சுற்றுலாக்காரர்கள் பளபளக்கிற உறைகளில்தான் அதற்குத் தின்பண்டம் கொடுக்கிறார்கள்.

நாங்கள் கீழே ஓடிப் பின்பக்கம் போனோம். குரங்கு பலாமரத்தின் உச்சிக் கிளையில் வசதியாக உட்கார்ந்து, உறையின் பொத்தானைத் திறந்து, ஒரு வவுச்சரை எடுத்து முகர்ந்து பார்த்து, ஓரத்தைக் கடித்துப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டது. அடுத்ததை எடுத்தது. அதே முகர்தல், அதே கடி. என்னைப் போலவே ஒன்றையும் விடாமல் வரிசையாகப் பார்த்தது.

அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி என்னைப் பார்த்தார். "பைத்தியமா ஒனக்கு" என்று கேட்க வாயைத் திறந்தவர் அப்படியே சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காற்று வேறு வீசியது. தாள்கள் மிளகுக் கொடிகளுக்கு மேலே ஆடி ஆடிப் பறந்தன. அண்ணி உள்ளே போய் ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து, ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கியிருந்த வயதான தம்பதி காலைச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தார்கள். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் நான்கு பேரும் விரிப்பைத் தூக்கிப் பிடித்து, தாள் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமெல்லாம் ஓடினோம். ஒன்று விரிப்பில் விழுந்தால் அந்த வெள்ளைக்கார அம்மா கோல் போட்ட மாதிரி கத்தினார்.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினேன். கஞ்சி போட்ட சேலை, தோளில் பை, கையில் ஃபைல். நடுத்தர வயதுப் பெண் ஒருவர், மரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் வந்த வேலை ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"கணக்கு சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள் மிஸ்" என்று மரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது.

அவர் மேலே பார்த்தார். ஒரு வவுச்சர் சுழன்று வந்து அவருடைய காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து, படித்து, கடிபட்ட ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு அந்த அதிகாரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பாதையில் போன ஆட்டோகூட மெதுவாகப் போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரங்கை யாரும் பார்க்காதீர்கள், பார்க்கப் பார்க்க உறையை விடாது, அதற்கு வேறு ஏதாவது கொடுங்கள் என்றார். அவர் வீட்டுக் கூரையிலும் தினம் இதே கூத்துத்தானாம்.

அண்ணி சமையலறையில் மீதியிருந்த முறுக்கை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி ஒரு கல்லின் மேல் வைத்து, பையை நன்றாகச் சரசரக்கச் செய்துவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல மிளகுக் கொடியைப் பார்த்து நின்றோம், அதிகாரி உட்பட. பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். உறை கீழே கிடந்தது. முறுக்கு மரமேறிவிட்டது.

மண்டபத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தாள்களை எண் வரிசைப்படி அடுக்கினோம். வெளிநாட்டுத் தம்பதியும் கூட உட்கார்ந்தார்கள். எண் மட்டும் அவர்களுக்குப் புரிந்தது, அது போதுமாக இருந்தது. மிளகுக் கொடிக்குள் போய்த் தேடி எடுத்தவற்றையும் சேர்த்த பிறகு, வரிசையில் இடைவெளி இல்லை. சிலவற்றில் மூலை இல்லை, அவ்வளவுதான். எண்ணும் கையெழுத்தும் இருந்தால் சரி என்றார் அதிகாரி.

அதற்குப் பிறகு அவர் வேலையைத் தொடங்கினார். தொடங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். பில் புத்தகத்தை நடுவில் திறப்பார், பதிவுப் புத்தகத்தில் அதே நாளைத் தேடுவார், முன்பதிவை எடு என்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். அவர் கேட்டு முடிக்குமுன் என் கை ஃபைலில் இருந்தது. அந்த நேரத்துச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. என் கணவர் சொன்ன புத்தியை மறந்து, அவர் கேட்காத மின்சார பில்களையும் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, அதையும் வாங்கிப் பார்த்தார்.

ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார். இந்த மாதம் விருந்தாளிகள் கூடியிருக்கிறார்கள், பூசணிக்காய் வாங்கியது மட்டும் பாதியாகக் குறைந்திருக்கிறதே, ஏன் என்று கேட்டார். நான் அந்த மாதத்து வவுச்சரை எடுத்துக் கொடுத்தேன். குறிப்பில் லக்கல பெரியவர் எழுதியிருந்தார்: யானை வந்து பாதியைத் தின்றுவிட்டது, மீதியைக் கொண்டு வந்தேன், அடுத்த தடவையும் வந்தால் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "அடுத்த தடவை?" என்று கேட்டார். அடுத்த வவுச்சரைக் கொடுத்தேன். 'யானை வரவில்லை. பஸ்ஸும் வரவில்லை. டிராக்டரில் வந்தேன்.' அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு அதற்கடுத்ததையும் கேட்டார். சோதனைக்காகக் கேட்கிறாரா, கதை கேட்கிறாரா என்று தெரியவில்லை. ஆனால் அவருடைய தாளில் ஒரு கோட்டுக்கு நேரே 'காரணம்: யானை' என்று எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன்.

அண்ணி இதற்குள் மூன்றாவது தடவையாகத் தேநீரோடு வந்து கதவருகே நின்றார். வேலை நேரத்தில் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று அதிகாரி மறுத்துக்கொண்டேயிருந்தார். அண்ணிக்கு மனம் கேட்கவில்லை.

"கொரங்குக்குக் குடுத்தோம், அவங்களுக்கு ஒண்ணும் குடுக்காம அனுப்பினா நல்லாவா இருக்கும்? கேட்டுச் சொல்லு புள்ள."

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். அதிகாரிக்குத் தமிழ் புரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அக்கா, கொரங்குக்கு சட்டம் இல்ல. எனக்கு இருக்கு" என்றார் தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கீழே இறங்கிப் போனார். காலையில் பயந்துகொண்டிருந்தவர் அவர்.

போகும்போது அதிகாரி, அறைகளுக்கான சேவைக் கட்டணத்தை ஒரே வரியில் எழுதாமல் இனிமேல் தனியாகக் காட்டுங்கள் என்று ஒரு திருத்தம் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. வண்டியில் ஏறுமுன் பலாமரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். வண்டி திரும்பியதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெளிநாட்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்தத் திருவிழா ஒவ்வொரு வருடமும் இதே நாளில்தானா என்று கேட்டார். வரி அலுவலகம்தான் தேதி குறிக்கும் என்று சொன்னேன். அவர் அதை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. பதிவுகள் திருப்திகரமாகப் பேணப்பட்டுள்ளன என்று ஒரு வாக்கியம். அண்ணி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு ஃபிரேம் போட்டுச் சாமியறையில் மாட்ட வேண்டும் என்றார்.

"அது ஃபைல்ல இருக்கணும் அண்ணி. அடுத்த வாட்டி வந்தா கேப்பாங்க."

"கேட்டா செவத்துல இருந்து எறக்கிக் குடு."

இத்தனை வருடத்தில் எங்களுக்குள் வந்த முதல் சண்டை அதுதான். இரண்டு நாள் நீடித்தது. இப்போது அசல் என் அலுமாரியில் இருக்கிறது. கலர் கொப்பி அம்மன் படத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்த கண்ணாடிக்குள். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு பூ உண்டு.