அழாதே என்று சொன்னவள் நான்

ஆறு வருடங்களுக்கு முன், பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்தது இது. நானும் என் கணவரும் அங்கே வேலை பார்த்தோம். எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துவது நான்தான். பைபிள் வசனங்கள் மனப்பாடம் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எங்கள் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மூன்று வீடு தள்ளியிருந்த பெண்ணின் ஒரே மகள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். நர்சிங் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அடக்கம் முடிந்து ஒரு வாரமாகியும் அந்தத் தாய் கதறிக்கொண்டேயிருந்தாள். நான் பைபிளோடு போய், எல்லோர் முன்னாலும், "போதும், கண்ணத் தொடச்சுக்க. பரலோகம் போன பிள்ளைக்கு இப்பிடி அழுதா நமக்கு விசுவாசம் இல்லன்னு அர்த்தம்" என்றேன். சட்டென்று அழுகையை நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான்தான் அவளைத் தேற்றினேன் என்று வீட்டில் வந்து பெருமையடித்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவர் வந்த ஜீப் வளைவில் கவிழ்ந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வந்தவர்களெல்லாம் எனக்கு வசனம் சொன்னார்கள். ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஜெபிக்கவும் முடியவில்லை. அழுதால் என்ன நினைப்பார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலையில், மகளை இழந்த அந்தத் தாய் கஞ்சியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுங்கக்கா, யாரும் பாக்கல. நீங்க சொன்ன பொறவு நான் வீட்ல அழல. தெனமும் கொழுந்துக்காட்டுக்குள்ள ஒதுங்கி நின்னுதான் அழுவேன். ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். அவரு என்னைய விட்டுட்டுப் போயிரல. இயேசுவே சிநேகிதன் செத்தப்ப அழுதவருதான?"

குத்திக்காட்ட வேண்டுமென்று அவள் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் மடியில் விழுந்து அழுதேன். கணவரை நினைத்துப் பாதி, வெட்கத்தில் பாதி. மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதமானது. "விடுங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். தினமும் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக அவளே ஜெபித்தாள். என் வாயில் மறுபடி ஜெபம் வந்தது அப்படித்தான்.

அவள் மன்னித்துவிட்டாள், கர்த்தரும் மன்னித்திருப்பார் என்றே நம்புகிறேன்; ஆனாலும் பெற்ற மகளுக்காக ஒரு தாயைச் சொந்த வீட்டில் அழவிடாமல் செய்தேனே என்று நினைக்கும்போது இன்றும் எனக்குத் தலை நிமிரவில்லை.