ஒழுங்கை ஈரம் அறிந்தவர்

றெஜினா இறந்த செய்தியை நகரசபையின் பியோன் சைக்கிளில் வந்து சொன்னார். காலை. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸ் போயிட்டா. மலேரியாவாம். விடியப்புறம், ஆஸ்பத்திரியில."

வாயில் நுரையோடு நின்றேன். முதலில் வந்தது துயரமல்ல. இனி எல்லோரும் அவரைப் பற்றியே பேசுவார்கள் என்ற எண்ணம். அதை மறைத்துக்கொண்டு இந்த அஞ்சலியை எழுத என்னால் முடியவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய வேலையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல்கலைக்கழக வளாகம் வந்தபின் வவுனியாவில் வீடுகளெல்லாம் மாணவர் விடுதிகளாகின. ஓர் அறையில் நால்வர். கிணற்றுக்குக் கிணறு மோட்டர். குளித்த தண்ணீர் வீடுகளுக்கிடையிலான ஒழுங்கைகளில் ஓடியது. சேறு, அதில் பெருகிய நுளம்பு, காய்ச்சல். ஆவணியில் அதே கிணறுகள் வற்றின. நகரத்தைப் பசுமையாக்க ஒரு திட்டம் எழுதும்படி சபைச் செயலாளர் றெஜினாவிடமும் என்னிடமும் கேட்டார். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஒரே மேசை. எதிரெதிர்க் கதிரைகள்.

நான் நாற்பது பக்கம் எழுதினேன். சைக்கிள் பாதை, குப்பை பிரித்தல், நிழல் மரங்கள், குளக்கட்டுப் பாதுகாப்பு. அவர் எழுதியது ஒரு பக்கம். கிணற்றடித் தண்ணீர் வீட்டு வளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வீட்டில் மாணவர்களை வைத்திருக்க அனுமதி இல்லை.

சபைத் தலைவரான தவிசாளர் என் நாற்பது பக்கக் கோவையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "வடிவா எழுதியிருக்கிறீர், தம்பி. கம்பசுக்குக் குடும், படிக்கட்டும்."

சபை சிரித்தது. றெஜினா சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய பக்கம் தேத்தண்ணி வருமுன் நிறைவேறியது.

சட்டம் போடுவது சுலபம். யார் வீட்டுத் தண்ணீர் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். வெயில் ஏறியதும் மணல் காய்ந்துவிடும். றெஜினா காலை ஆறரைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்தவர்; மணலின் ஈரம் அவர் காலுக்குத் தெரியும். ஈரம் காலில் பட்ட இடத்தில் நின்று அந்த வீட்டு வேலிப் படலையைத் தட்டுவார். ஒருநாள் நானும் செருப்போடு கூடப் போனேன். வீட்டுக்கார அம்மா படலையைத் திறக்காமலே கத்தினார்.

"என்ர கிணறு, என்ர தண்ணி. உமக்கென்ன பிள்ளை?"

"ஓம் அம்மா, உங்கட தண்ணிதான். அதை ஏன் றோட்டுக்குக் குடுக்கிறீங்கள்? ரெண்டு வாழைக்குக் குடுங்கோவன்."

மூன்று மாதத்தில் அந்த ஒழுங்கை முழுக்க வாழை. மாணவர்கள் அவருக்கு 'வாழை மிஸ்' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

பிறகு கொழும்பில் நகரசபைகளின் கருத்தரங்கு. ஒருவர் போகலாம். யார் போவது என்று செயலாளர் கேட்டபோது றெஜினா அறையில் இல்லை. நான் உடனே சொன்னேன்: "அவாவுக்குப் பாஸ் எடுக்கிறது கஷ்டம், சேர்."

பொய் அல்ல. போரில் இடம்பெயர்ந்து வந்தவர், வவுனியாவில் இருக்கவே அவருக்குப் படையினரின் பாஸ் வேண்டும், கொழும்புக்கு இன்னொன்று. நான் இவ்வூரில் பிறந்தவன், அடையாள அட்டையோடு பஸ் ஏறலாம். ஆனால் நான் அவரிடம் கேட்கவில்லை. அன்று அவர் அறையில் இல்லாததற்குக் காரணம், கருத்தரங்குச் செய்தி கேட்டு, கொழும்புப் பாஸுக்காக வரிசையில் நின்றதுதான். மத்தியானம் பாஸோடு வந்தார். அதற்குள் என் பெயர் போய்விட்டது.

மண்டபத்தில் 'நாங்கள்' என்று பேசினேன். வெறுங்கால் நடையைச் சொன்னபோது கைதட்டினார்கள். யாருடைய கால் என்று சொல்லவில்லை.

திரும்பி வந்த அன்று அவர் கேட்டார்.

"வாழையைப் பற்றிச் சொன்னீங்களோ?"

"சொன்னனான்."

"செருப்புக் கழட்டினது?"

"ஓம்."

"ஆர் கழட்டினதெண்டு?"

நான் கோவையைப் புரட்டினேன்.

"சரி. நாளைக்கு ஆறரைக்கு வாங்கோ. பொய்யை உண்மையாக்குவம்."

போனேன். வெறுங்காலோடு நடந்து, குளிர்ந்த ஓரிடத்தில் நின்று படலையைத் தட்டக் கை தூக்கினேன்.

"அது பனி," என்றார் பின்னாலிருந்து. "தட்டாதேங்கோ. அந்த வீட்டு நாய் பட்டதாரி எண்டும் பாக்காது."

அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

அவரை அடக்கம் செய்த கிழமையே கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கருத்தரங்கில் படித்ததை அச்சிடப்போகிறார்களாம். பிரதியைத் திருத்தி அனுப்ப வேண்டுமாம். நேற்று அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'நாங்கள்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'றெஜினா' என்று எழுதினேன். சில வாக்கியங்கள் நான் எழுதியபோது இருந்ததைவிட நன்றாக இருந்தன. அதுவும் வலித்தது. தலைப்பின் கீழ் என் பெயரை வெட்டி அவருடையதை எழுதினேன்.

எழுதியபின், அதன் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பேனையை மூடினேன். உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

அவரைப் பிரிந்தோர் பலர் அவருடைய சிரிப்பை, அன்பை வைத்திருப்பார்கள். அவை எனக்குக் கிடைக்கும்படி நான் நடந்துகொள்ளவில்லை. என்னிடம் இருப்பது அவர்மீதான பொறாமை. சாவு அதைக் குறைக்கவில்லை. ஆனால் இப்போது அதை அவருடைய பெயரோடு சேர்த்தே சொல்கிறேன்.