மச்சான் வயிற்றைப் பார்க்க வந்தவர்கள்

அன்று என் மச்சானின் வயிற்றைப் பார்க்கக் கூடம் நிறைய ஆள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்!

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், செல்வராசு. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் சின்னதாக ஒரு பொம்மை யூனிட் நடத்துகிறார். களிமண் மூட்டையைத் தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்து அனுப்பினார் டாக்டர். அனுப்பும்போதே எச்சரித்தார்.

"உங்களுக்கு சுகர் வேற இருக்குது. புண்ணுல கிருமி ஏறி வலை வரைக்கும் போச்சுன்னா, மறுபடியும் வயித்தைத் திறக்கணும். கட்டைப் பிரிக்காதீங்க. யாரும் கை வைக்கக் கூடாது."

மச்சான் பலமாகத் தலையாட்டினார். ஆட்டினால் போதுமா?

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போவது என்றால் சும்மாவா... ஆப்பிள், ஹார்லிக்ஸ், அப்புறம் அந்தக் கேள்வி — "எத்தினி தையலு? காட்டுங்க பாப்போம்!" மச்சானுக்கும் அதில் ஒரு பெருமை. சட்டையைத் தூக்குவார், பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிரிப்பார். வந்தவர்கள் 'உச்' கொட்டி முடித்ததும் மறுபடி ஒட்டிக்கொள்வார். பிரித்துப் பிரித்து ஒட்டியதில் பாவம், அந்தப் பிளாஸ்திரிக்கு ஒட்டுவதே மறந்துபோயிற்று.

அன்றைக்கு முதலில் வந்தவர் கம்மாபுரத்துப் பங்காளி. பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு தையலுக்குப் பக்கத்தில் அழுத்திப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்குதே!" என்று ஒரு சர்ட்டிபிகேட் வேறு.

அடுத்தது சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த பெரியம்மா. மச்சானைத் தூக்கி வளர்த்தவர். இடுப்பிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார்.

"சாமி கால்ல வெச்சு எடுத்தாந்தேன் ராசா. தையலு மேல துளி வெச்சா சட்டுனு காஞ்சிடும்."

மச்சான் பவ்யமாகப் பிளாஸ்திரியைப் பிரித்தார். அப்போதுதான் பார்த்தேன் — தையலின் ஒரு ஓரம் சிவந்து, லேசாகக் கசிந்திருந்தது. மறுபடியும் ஆபரேஷனா?

"கைய எடுங்க அத்தை!"

சத்தம் போட்டது மச்சானின் மனைவி தனம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண்! பெரியம்மாவை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"யூனிட்டுல ஒருவாட்டி சுட்ட பொம்மைய, பளபளக்குற கிளேஸ் பூச்சு போடறதுக்கு முன்னாடி யாராச்சும் தொட்டா என்னா கத்து கத்துவீங்க! கையெண்ணெ பட்ட எடத்துல கிளேஸ் ஏறாது, மொட்டையா நிக்கும்னு என்னையே எத்தினி வாட்டி திட்டியிருக்கீங்க! பொம்மைக்குக் குடுக்கற மரியாதை உங்க வயித்துக்குக் கெடையாதா?"

மச்சான் சட்டையை இறக்கிவிட்டார். அவர் யூனிட்டில் மந்திரியே வந்தாலும் சுட்ட பொம்மைமேல் கை வைக்க முடியாது. வயிற்றை மட்டும் ஊருக்கே திறந்துவிட்டிருந்தார்.

பெரியம்மா அந்தத் திருநீற்றை மச்சான் நெற்றியில் பூசிவிட, உடனே ஆட்டோ. ஆஸ்பத்திரி. டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, தனம் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"திரும்பவும் கிழிச்சாங்கன்னா அவுரு தாங்க மாட்டாருண்ணே..."

எனக்கும் அதே பயம்தான். ஆனாலும் பெரிய மனுஷன் மாதிரி "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி வைத்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். "மேல்தோலோட நிக்குது. வலைக்குப் போகலை. நல்ல நேரத்துல கூட்டியாந்தீங்க. மாத்திரை தரேன். செவப்பு பரவுனாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ உடனே வாங்க."

அப்பாடா! தனம் அழுதே விட்டாள். நான் எதிர்க்கடைக்குப் போய், மச்சான் பங்குக்கும் சேர்த்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தேன்.

மறுநாளே அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வந்து உட்கார்ந்துவிட்டன. கை கழுவாமல் உள்ளே போக முடியாது. கழுவினாலும் தையல் தரிசனம் கிடையாது! பங்காளிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நாங்க என்னா, தொத்து வியாதிக்காரங்களா?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

யோசித்துப் பாருங்கள். சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பினால் தலை முழுகாமல் நிலைப்படி தாண்ட மாட்டோம். பிழைத்து வந்தவன் வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் கை கழுவச் சொன்னால் நமக்குக் கௌரவக் குறைச்சல் வந்துவிடுகிறது!

போன வாரம் தையல் பிரித்தார்கள். புண் சுத்தமாக ஆறியிருக்கிறது. மூட்டை தூக்க மட்டும் இன்னும் தடை. மச்சான் நாற்காலியில் சாய்ந்தபடி போனிலேயே யூனிட்டை விரட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்கவே எங்களுக்கு நிம்மதியாக இருக்கிறது.

சேதி கேட்டுப் பெரியம்மா மறுபடி வந்தார். யாரும் சொல்லாமலே முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, மச்சான் நெற்றியில் திருநீறு பூசினார்.

"பாத்தியா? அன்னிக்கும் நெத்தியில பூசிவுட்டுத்தான் போனேன். எல்லாம் என் துண்ணூறு பண்ண வேலை!"

தனம் சிரித்தாள்.

"ஆமாங்க அத்தை... நெத்தியோட நின்னுச்சு பாருங்க, அதான் காப்பாத்துச்சு!"