பாத்ரூமுக்குப் போகும் கயிறு

பெங்களூரில் காக்ஸ் டவுன் மார்க்கெட்டைத் தாண்டி ஜீவனஹள்ளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் பை. இன்னொரு தோளில் சுற்றிய நைலான் கயிறு. கயிற்றை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஹோமை நடத்தும் மேடம் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்து அதை என் தோளில் மாட்டினார். இங்கே இருந்தால் மறுபடி யாராவது கட்டிவிடுவார்கள் என்றார். ஒரு கயிற்றைப் பார்த்து அவ்வளவு பயம்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை. வேலையை விட்டுப் போவது எனக்குப் புதிதும் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்புறம் ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன், லாரியில் கிளீனராக இருந்தேன், ஹெப்பகோடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மூட்டை தூக்கினேன். எந்த இடத்தையும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த இடத்தை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது.

அது வயதானவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் சேர்ந்து இருக்கும் ஹோம். பழைய பங்களா, ஒரே பெரிய ஹால், இரண்டு பக்கமும் கட்டில்கள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு ஊட்டுவது என்று எடுபிடி வேலை எல்லாம் என் தலையில். அங்கே சர்க்கரை நோயில் கண் போன ஒரு கிழவர் இருந்தார். முன்னே ஆட்டோ ஓட்டியவர். ஹாலில் நடக்கும்போதும் ரோட்டில் போவது மாதிரிதான் நடப்பார். எதிரே யார் வந்தாலும் "சைடு, சைடு" என்று கத்துவார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பரதேசி என்பார்.

அவருக்கு ஒரே ஒரு வீம்பு. பாத்ரூமுக்குத் தானாகப் போக வேண்டும். யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அடிப்பார். இப்படி நடக்கப் போய்க் கட்டில் காலில் இடறி விழுந்தார், நெற்றி கிழிந்தது. அதற்குப் பிறகுதான் நான் அவர் கட்டிலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் சுவரோரமாக ஆணி அடித்து இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினேன்.

"என்னை என்ன மாடுன்னு நெனச்சியா, கட்டிப் போடற?" என்றார். மறுநாளிலிருந்து அதைப் பிடித்துக்கொண்டு போனார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. கயிறு தொய்ந்தால் மட்டும் திட்டுவார்.

அந்தக் கயிற்றில் நாங்கள் துண்டு காயப்போடுவோம். மழைக்காலத்தில் வேறு இடம் இல்லை. அவர் வரும்போது துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார். வினை அங்கேதான் வந்தது.

அந்த ஹோமை ஒரு பெரிய கம்பெனி தத்து எடுத்திருந்தது. மனிதர்களை அல்ல, ஹோமை. அரிசி, கரண்ட் பில், மருந்து எல்லாம் அவர்கள் தயவு. இல்லை என்று சொல்ல மாட்டேன், நானும் அந்தச் சோற்றைத்தான் தின்றேன். ஆனால் அரிசியோடு அவர்களும் வருவார்கள். சனிக்கிழமையானால் ஏசி பஸ்ஸில் ஒரே நிற டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். ஊட்டிவிடத் தேவையில்லாத ஆளுக்கு ஊட்டிவிடுவார்கள். பேச்சு வராதவரிடம் பாட்டுப் பாடச் சொல்வார்கள். நகம் வெட்டுவதற்கு முன்னால் போட்டோ, வெட்டிய பிறகு போட்டோ. சாயங்காலம் போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன குப்பையை நான் கூட்டுவேன்.

அந்தச் சனிக்கிழமை சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தார்கள். சூரியகாந்திப் பூவும் பலூனும் வரையப் போவதாகச் சொன்னார்கள். என்னை எல்லோருக்கும் டீ போட அனுப்பினார் மேடம். நான் அடுப்படியில் நின்ற நேரத்தில் அவர்கள் கயிற்றைத் துணிக் கொடி என்று நினைத்து அவிழ்த்து, அழகாகச் சுற்றி, மூலையில் வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை. கொடிக்குப் பதிலாக ஒரு ஸ்டீல் ஸ்டாண்டு வாங்கி வரக்கூட ஆள் அனுப்பியிருந்தார்கள். அது யாருடைய கயிறு என்று ஹாலில் உட்கார்ந்திருந்த ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டிலில் கிடந்தவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

கிழவருக்கு அவசரம் வந்திருக்கிறது. எழுந்து வழக்கம் போலக் கையை நீட்டியிருக்கிறார். கயிறு இல்லை. ஈரச் சுவர். உள்ளங்கை முழுக்க மஞ்சள் பெயின்ட். நான் டீத் தட்டோடு உள்ளே வந்தபோது டீ-ஷர்ட்டுகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். தாத்தா தானாகவே வந்து சேர்ந்துகொண்டார் என்று அவர்களுக்குச் சந்தோஷம். ஒரு பெண் அவருடைய இன்னொரு கையையும் பிடித்துச் சிவப்பில் முக்கிச் சுவரில் அழுத்தினாள். அவர் கன்னடத்தில் பேடா, பேடா என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று கூச்சப்படுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்படி நின்றபடியே அவர் வேட்டி நனைந்தது. கேமரா இறங்கியது. யாரோ பஸ்ஸில் ஏசி சரியாக ஓடவில்லை என்று பேச ஆரம்பித்தார்கள்.

நான் அவரைக் கழுவி வேட்டி மாற்றினேன். அன்றைக்கு என்னை அவர் அடிக்கவில்லை.

டீ-ஷர்ட்டுகளின் தலைவன் மாதிரி இருந்த பையனிடம் போய், அது கொடி இல்லை, அந்த மனுஷன் நடக்கிற வழி என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. நல்ல பையன்தான். சாரி ப்ரோ, கைப்பிடிக் கம்பியே போட்டுத் தந்துவிடலாம், அப்ரூவல் வாங்கிவிட்டுச் சொல்கிறேன் என்றான். அப்ரூவல் வரும் வரைக்கும் அவர் எதைப் பிடித்துக்கொண்டு போவார் என்று கேட்டேன். அவன் மேடத்தைப் பார்த்தான்.

மேடத்திடம் பதில் தயாராக இருந்தது. ஸ்டோர் ரூமில் அதே கம்பெனி கொடுத்த பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடந்தது. பழையது தீர்ந்தால்தான் அடுத்த லோடு வரும். அதனால் நடக்கத் தெரிந்த ஆட்களுக்கும் கட்டிவிடுவது அங்கே வழக்கமாகிப்போயிருந்தது. கிழவர் ஒருவர்தான் பாக்கி.

"இன்னைக்கிலேர்ந்து அவருக்கும் போட்ருப்பா" என்றார் மேடம்.

கிழவருக்குக் காது கூர்மை. "போட்டுப் பாரு. கிழிச்சி உன் மூஞ்சில அடிக்கறேன்."

பெயின்ட் காய்ந்ததும், திங்கட்கிழமை காலையில் சூரியகாந்தியின் நடுவிலேயே ஆணி அடித்துக் கயிற்றைக் கட்டினேன். அவர் பிடித்துக்கொண்டு போய்விட்டு வந்தார். நடுவில் நின்று சுவரை மோந்து பார்த்தார். பெயின்ட் நாற்றம் என்று காறினார்.

மேடம் வந்ததும் சண்டை. கம்பெனியின் பெரிய ஆட்கள் இந்த வாரம் சுவரைப் படம் எடுக்க வருகிறார்களாம். கயிறும் ஈரத் துண்டும் தெரிந்தால் அடுத்த வருஷம் வேறு ஹோமுக்குப் போய்விடுவார்களாம். இத்தனை பேருக்கும் நீ சோறு போடுவாயா என்று என்னைக் கேட்டார். நான் போட முடியாது. அதுதான் அவர் பலம். சுவருக்காக ஒரு மனுஷனைப் பீத்துணியில் கிடத்துவீர்களா என்று கேட்டேன். அவரே ஆணிகளைப் பிடுங்கினார். டயப்பரைக் கட்டு, இல்லை வெளியே போ என்றார். போகிறேன் என்றேன்.

கிழவர் கட்டிலைத் தட்டினார். "பரதேசி. போறதுக்கு முன்னாடி என் வண்டியத் தள்ளு. பாத்ரூம் கதவாண்ட நிறுத்து."

அந்த மூலையில் யாரும் படுப்பதில்லை. பினாயிலுக்கும் அடங்காத நாற்றம். நான் தயங்கினேன்.

"நாத்தம் என் மூக்குக்குத்தானே. உனக்கின்னா? தள்ளுடா."

கட்டிலை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டேன். கட்டிலிலிருந்து கையை நீட்டினால் கதவு. கயிறு தேவையில்லை. மேடம் தன் போனை எடுத்துப் பூச்சுவரைப் பார்த்துப் பிடித்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். மூலை படத்தில் விழவில்லை. சரி, இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

போகிறேன் என்ற சொல்லை நான் மாற்றவில்லை. பையை எடுத்தபோது கிழவர் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் வருகிறேன் என்றேன்.

"கதவு கட்டில்ல இடிக்குது. கொஞ்சம் பின்னால தள்ளிட்டுப் போ."

தள்ளிவிட்டு வந்தேன்.

ஜீவனஹள்ளியில் ஒரு சாத்திய கடையின் படியில் படுத்தேன். விடிந்ததும் கடைக்காரர் வந்து காலால் எழுப்பினார். விசேஷங்களுக்குப் பந்தல் போட்டுத் தரும் ஷாமியானாக் கடை அது. என்னைத் துரத்தத்தான் வந்தார், தோளில் கயிற்றைப் பார்த்து நிறுத்தினார். முடிச்சுப் போடத் தெரியுமா என்று கேட்டார். லாரியில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன் என்றேன். வண்டியில் ஏறு என்றார்.

வண்டி போய் நின்ற இடம் வேறொரு ஹோம். கால் நடக்காத பிள்ளைகளுக்கு வேறொரு கம்பெனி அன்றைக்கு வீல்சேர் கொடுக்கிறது. பந்தல் வேண்டும், மேடை வேண்டும், பின்னால் கம்பெனி பேனர் வேண்டும். இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. பசித்தது. இறங்கிக் கம்புகளை எடுத்தேன்.

கடைக்காரர் காலால் கோடு கிழித்து இங்கே ஒரு கம்பு என்றார். அந்த இடத்துக்கு நேர் பின்னால் கக்கூஸ் கதவு. கம்பு நட்டால் வீல்சேர் உள்ளே போகாது. நான் தள்ளி நடுகிறேன் என்றேன்.

"மேடை கோணலாத் தெரியும்டா. பேனர் இழுத்து நிக்காது."

கோணலாகத்தான் இருக்கும், இல்லை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். சாமான் எல்லாம் இறக்கியாகிவிட்டது. வேறு ஆள் இல்லை. அவர் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். நான் தள்ளியே குழி தோண்டினேன்.