பெருசு இருக்கும் வீட்டில் ஒரு பூனை

மாஸ்டருக்குப் பேச்சு நின்றுபோன ஐந்தாவது மாதத்தில் அவருடைய மனைவி வீட்டுக்கு ஒரு பூனையைக் கொண்டுவந்தாள். கல்யாணமான நாளிலிருந்து, இருபத்தாறு வருஷமாக, அவள் ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. அந்த வீட்டில் நாய் இல்லாத நாளே கிடையாது; இருபத்தாறு வருஷமும் அவர் சொன்ன பதில் ஒன்றேதான். "நாய் இருக்கிற வீட்ல பூனையா? உனக்கு என்ன, மூளை கீளை கழண்டு போச்சா?" இப்போது அவரால் அதைச் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் அவள் கொண்டுவந்தாள். கேட்டவர்களிடமெல்லாம், பாவம், அனாதைப் பூனை, விட மனசு வரவில்லை என்றாள். அதுவும் பொய்யில்லை. ஆனால் முழு உண்மை எது என்பது அவளுக்குத் தெரியும்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். முப்பது வருஷம் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் ஒரு தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரை வியர்க்க வைத்தவர். "கிளட்ச்சை மிதிங்க சார், என் உயிரை மிதிக்காதீங்க!" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் எதிரே வருகிறவனும் சேர்ந்து கிளட்ச்சை மிதிப்பான். வீட்டு நாய்களுக்கும் அதே குரல்தான். பெரிய நாய்க்குப் பெருசு என்று பெயர். ஒன்பது வயது, கன்னங்கரேலென்று ஒரு கன்றுக்குட்டி உயரம் இருக்கும். சின்னதற்கு வாலு, அதன் உடம்பைவிட வால்தான் அதிகம் வேலை செய்யும். பெருசின் வாயில் எலும்பே இருந்தாலும் சரி, மாஸ்டர் "விடு" என்றால் கீழே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வேறு பக்கம் பார்க்கும். மனைவி சொன்னால் காதை ஒரு தடவை ஆட்டும், அவ்வளவுதான். "என்னை ஏதோ ரேடியோ பாடுதுன்னு நினைச்சுக்குது" என்பாள் அவள்.

ஒருநாள் காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தவரின் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு தடி இருந்தது, வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, வாயில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருந்தது. "அப்புறம்." மூளை சில சமயம் அப்படி ஒரு வார்த்தையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்புறம், வயிற்றைக் கலக்கினாலும் அப்புறம், கோபம் வந்தாலும் அப்புறம். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் முதல்முறை போனில் "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்க, "அப்புறம்" என்றார். அப்பா கதை கேட்கிறார் என்று நினைத்து அவள் அரைமணி நேரம் விடாமல் பேசினாள். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் "அப்புறம்" வந்தது. கடைசியில் விஷயம் புரிந்ததும் சிரித்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

நாய்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மாஸ்டர் இடது கையைத் தூக்கி, கண்ணை உருட்டி, "அப்புறம்!" என்று அதட்டுவார். பெருசு தலையைச் சாய்த்துப் பார்த்து, அந்தக் கையை ஒரு நக்கு நக்கிவிட்டு, தன் போக்கில் போய்விடும். படுப்பது மட்டும் எப்போதும் அவர் காலடியில்.

அவளுக்கு வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். துவைத்து முக்கால்வாசி காய்ந்த படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரி மெஷினுக்குள் நேராகக் கொடுக்கவேண்டும். இந்தப் பக்கம் அவள் கொடுக்க, அந்தப் பக்கம் வெளியே வருவதை மடிப்புக்காரி வாங்கி மடிப்பாள். காதைப் பிளக்கும் சத்தம், மூஞ்சியில் அடிக்கும் ஆவி. அங்கே உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால், பஞ்சும் நூலும் குவிந்து கிடக்கிற வெதுவெதுப்பில், ஒரு சாம்பல் நிறப் பூனை குடியேறியது. ஒரு காது பாதி இல்லை. மடித்து அடுக்கிய விரிப்புகளின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, கீழே வேலை செய்கிறவர்களை அரைக்கண்ணால் பார்க்கும். "வேலை ஒண்ணும் செய்யாம மேல உக்காந்து பாக்குதே, இது சூப்பர்வைசர்தான்" என்றாள் மடிப்புக்காரி. அந்தப் பெயரே நின்றுவிட்டது.

பிறகு ஆபரேஷன் அறைக்குப் போன பச்சைத் துணி ஒன்றில் பூனை முடி இருந்ததாகப் புகார் வந்தது. நியாயமான புகார்தான். நாளைக்கு ஆள் வந்து சாக்கில் பிடித்துக்கொண்டுபோய் எங்காவது விட்டுவிடுவான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் அவள்.

"அக்கா, உங்க வீட்ல நாய் இருக்கே?"

"இருக்கு. ரெண்டு."

"மாஸ்டர் என்ன சொல்வாரு?"

"அப்புறம்னு சொல்வாரு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த விரிப்பை மெஷினுக்குள் கொடுக்கும்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் பூனை மூடிபோட்ட துணிக்கூடைக்குள் இருந்தது.

மாஸ்டர் கூடையைப் பார்த்தார். உள்ளிருந்து கத்தல் கேட்டது. மனைவியைப் பார்த்தார். "அப்புறம்" என்றார்.

"பின் ரூம்லதாங்க இருக்கும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பின் அறை மகள் படித்த அறை. கால்நடை டாக்டரம்மா சொன்னதையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். முதல் பத்து நாள் பூனையும் நாய்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கவே கூடாது. பூனை படுத்த துணியை நாய்களுக்கு முகரக் கொடுத்தாள், நாய் படுத்த துணியைப் பூனைக்கு. மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் இரண்டு தட்டு. மூன்றாவது வாரம் கதவைத் திறந்து, குழந்தைகள் மாடிப்படி ஏறாமலிருக்கப் போடுகிற கம்பித் தடுப்பை வாங்கி நிலையில் மாட்டி, அதற்குமேல் துணி வலை ஒன்றும் இழுத்துக் கட்டி, எல்லாவற்றையும் ஒரு விரிப்பால் மூடி, அதை நாளுக்கு ஒரு சாணாக உயர்த்தினாள். வேலைக்குக் கிளம்பும் முன் இத்தனையும் செய்ய இடுப்பு ஒடிந்தது. வலி இருந்தாலும் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. நெடுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் நாளைக்கு என்ன ஆகும் என்று பார்க்க ஒரு விஷயம் இருந்தது.

வாலு ஒரே வாரத்தில் பூனையிடம் விழுந்துவிட்டது. தடுப்பருகே தரையோடு தரையாகப் படுத்து மூக்கை நீட்டியது. சூப்பர்வைசர் அந்த மூக்கில் ஓர் அறை விட்டது. வாலு அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டதோ என்னவோ, அன்றுமுதல் பூனைக்கு அடிமை. இரண்டாம் மாதம் இரண்டும் பின் அறை ஜன்னல் வெயிலில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தன.

பெருசு குரைக்கவில்லை, உறுமவில்லை. தடுப்புக்கு நான்கடி தள்ளி நின்று, உடம்பை விறைத்து, பூனையையே பார்க்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. தின்ன எதை நீட்டினாலும் மோந்துகூடப் பார்க்காது. அவள் இதைப் போய்ச் சொன்னபோது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"குரைக்கிற நாயைப் பத்தி எனக்குக் கவலை இல்லம்மா. இப்படிச் சத்தம் இல்லாம பாக்குது பாருங்க, அதுதான் பயம். சில நாய்க்கு இது பழகவே பழகாது. நீங்க அதட்டினா கேக்குமா?"

"கேக்காது."

"வேற யார் சொன்னா கேக்கும்?"

"அவரு சொன்னா கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

"அப்போ ரெண்டையும் ஒண்ணா விடவே விடாதீங்க. எவ்வளவு நாளானாலும்."

இதற்கிடையில் வேறொன்றும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தபோது மாஸ்டர் பின் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். தடுப்பின் கம்பிகளுக்கிடையில் இடது கையை விட்டிருந்தார். பூனை அந்த விரல்களில் தன் அரைக் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "அப்புறம்" என்றார் அவர், அவளுக்கு அதுவரை கேட்டுப் பழக்கமில்லாத ஒரு தணிந்த குரலில். அவள் அரவம் காட்டாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பதினோராவது நாள், மதியம் இரண்டு மணிக்குக் காலை முறை வேலை முடிந்து அவள் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "அப்புறம்! அப்புறம்! அப்புறம்!" அசல் பழைய குரல், வண்டிக்குள்ளிருந்து தெருவையே அதட்டுகிற குரல். ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சத்தம் வருகிறதே, இனி எல்லாம் வந்துவிடும் என்று நினைத்தாள். அந்த ஒரு நொடியை அவள் பின்னால் பலமுறை நினைத்துக் கூசியிருக்கிறாள். அடுத்த நொடி ஓடினாள்.

பின் அறைத் தடுப்பு திறந்து கிடந்தது. மாஸ்டரின் தடி அறைக்குள்ளே விழுந்திருந்தது. நாற்காலியும் உள்ளேதான் இருந்தது. பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. பூனையோடு உட்கார ஆசைப்பட்டு உள்ளே போயிருக்கிறார். திறக்க ஒரு கை போதும். அந்தக் கொக்கியைத் திரும்ப மாட்ட இரண்டு கை வேண்டும்.

பெருசின் வாயில் பூனையின் பின்னங்கால் இருந்தது. மாஸ்டர் தரையில் விழுந்துகிடந்தபடி ஒரு கையால் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. விடு, விடு, விடு. நாய்க்குத் தெரியவில்லை. வாலு கட்டிலுக்கடியில் ஒடுங்கி ஊளையிட்டது. அவள் கொடியில் கிடந்த விரிப்பை உருவி, ஒரே வீச்சில் பெருசின் தலையோடு மூடி அழுத்தினாள். கண் இருண்டதும் நாய் திகைத்து வாயைத் திறந்தது. பூனை அலமாரியின் உச்சிக்கு எப்படிப் போனது என்று அவள் பார்க்கவில்லை. ரத்தம் மட்டும் சுவரில் கோடாக இறங்கியிருந்தது.

காலை எடுக்கவேண்டியதாயிற்று. "மூணு கால்ல பூனை நல்லாவே இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ஆனா உங்க வீட்ல வேணாம். ஒண்ணு இது போகணும், இல்ல அது போகணும்."

எதுவும் போகவில்லை. மகள் வீட்டில் பேரனுக்கு இளைப்பு, பூனை கூடாது. மடிப்புக்காரியின் வீட்டில் நான்கு பேர் காலை நீட்டிப் படுக்கவே இடமில்லை. மூன்று கால் பூனையை வேறு யாரும் கேட்கவில்லை. பெருசைப் பார்க்க ஒரு கிடங்குக் காவல்காரர் வந்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், பின்னங்காலைத் தட்டிப் பார்த்தார். "வயசாயிடுச்சு. இதைக் கொண்டுபோனா இதுக்கு நான் காவல் இருக்கணும்" என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் இருந்த நேரம் முழுக்க மாஸ்டர் பெருசின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அடுத்தவர் வீட்டு வரவேற்பறையில் காத்திருப்பவரைப்போல் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணுங்க. நீங்க வேணாம்னு சொல்ல முடியாதுன்னுதான் நான் அதைத் தூக்கிட்டு வந்தேன். வேற எதுக்கும் இல்ல. உங்களுக்கும் அது தெரியும்னு எனக்குத் தெரியும்."

அவர் அவளையே பார்த்தார். அந்த ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வந்தால் போதும், அதில் கோபமா, மன்னிப்பா என்று குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம். வரவில்லை. அந்த மதியத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அதுவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் படங்கள் போட்ட அட்டைகளோடு வருகிற பேச்சுப் பயிற்சிப் பெண் எதிரில் அட்டைகளைப் பரப்பினால், அவர் ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். நான்கு வாரம் அப்படிப் போனது. "அவருக்கா தோணுறப்ப கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள். பேச வைத்து என்ன பிரயோஜனம் என்று அவர் நினைத்திருக்கலாம். தொண்டை கிழியக் கத்தியும் தன் நாயே கேட்கவில்லையே என்று நினைத்திருக்கலாம். அதுவா காரணம் என்று அவள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது தடுப்பு இல்லை, கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். வாலுவையும் உள்ளே விடுவதில்லை. அது நுழைகிற சந்தில் பெருசு நுழைந்துவிடும். அதனால் வாலு பகலெல்லாம் அந்தக் கதவோரம் படுத்திருக்கிறது. உள்ளே பூனை ஒரு காலில்லாமல் அலமாரி உச்சிக்குத் தாவ முயன்று, முக்கால் உயரத்தில் வழுக்கி, தொப்பென்று விழும் சத்தம் கேட்கும்போது மட்டும் எழுந்து நின்று கதவைப் பார்க்கிறது. அவள் அலமாரிக்குப் பக்கத்தில் பெட்டிகளைப் படிபோல் அடுக்கி வைத்தாள். பூனை அவற்றை மதிக்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் அவள் முதலில் மாஸ்டருக்குச் சாப்பாடு ஊட்டிவிடுகிறாள், வாயைத் துடைக்கிறாள், கையையும் காலையும் நீவிவிடுகிறாள். பெருசு காலடியில் கிடந்து அவளை நிமிர்ந்து பார்க்கும், நல்ல நாயாக. பிறகு பின் அறைக்குள் போய்க் கதவை இறுகச் சாத்திக்கொண்டு பூனையோடு முக்கால்மணி நேரம் உட்கார்கிறாள். அது மடியில் வருவதில்லை; எட்ட இருந்து பார்க்கிறது. உள்ளே இருக்கும்போது முன்னறையில் தடி தரையில் தட்டுவது கேட்டால் அவருக்கு ஏதோ வேண்டும் என்று எழுந்து ஓடுகிறாள். அங்கே இருக்கும்போது இங்கே தொப்பென்று கேட்டால் இங்கே வருகிறாள்.

"ஏன்கா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?" என்று மடிப்புக்காரி கேட்டாள்.

"பெருசுக்கு ஒம்பது வயசு முடிஞ்சிடுச்சு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான், தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதும், அது நடந்தால் வீட்டில் மாஸ்டருக்கு என்ன மிஞ்சும் என்பதும் அவளுக்கு உறைத்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, சுருக்கமில்லாமல் உள்ளே கொடுத்தாள்.